கொக்கின் கழுத்துக்கு ஒரு துணி

அத்தியாயம் 17

காலை ஆறு மணிக்கு அடிக்கிற ஃபோன் நல்ல சேதி கொண்டுவந்து அக்கா பார்த்ததேயில்லை.

"அண்ணி, படகு இன்னிக்கே கிளம்புதாம். மூணு மணிக்கு."

தம்பி பெண்டாட்டி. மாடிப்படி ஏறி வந்தவள் போல மூச்சு வாங்கியது.

"அடுத்த வாரம்னு சொன்னியே?"

"உங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே அவர்தான். வெயிலுக்கு எதை வாங்கறது, எதைப் போட்டு அனுப்பறதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வாங்க அண்ணி. நீங்களே வந்து பாருங்க."

அக்கா பல்லைக்கூட முழுசாகத் துலக்கவில்லை. லாரிகளுக்குத் தார்ப்பாயும் கடைகளுக்கு வெயில் பந்தலும் தைக்கிற பட்டறையில் அவள் வேலை. முதலாளிக்கு ஃபோன் போட்டு, "இன்னிக்கு வரல," என்றாள். காரணம் கேட்டார். "வெயில்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தவள் அவள். குனிந்து நிமிர்ந்தால் இடுப்புக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் இழுக்கும். கொடுத்த உறுப்பைத் தம்பி உடம்பு வெளியே தள்ளாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. அந்த மாத்திரைக்கு ஒரு குணம். "உங்க உடம்போட காவல்காரனைத் தூங்க வெச்சிருக்கோம்," என்றார் டாக்டர். "அவன் தூங்கறப்போ வெயில் தோல்ல என்ன வேணும்னாலும் பண்ணும். வெயில்ல நிக்காதீங்க." அவர் சொன்ன மாதிரியே போன வருடம் கீழ் உதட்டில் ஒரு புண் கிளம்பியது. அரிசி அளவுதான். கெட்ட கட்டி என்று வெட்டி எடுத்தார்கள்.

கடலைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவனை மூன்று வருடம் வீட்டுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆவான்? போன வாரம் குப்பைக் கூடையில் அக்காவின் கையில் அகப்பட்டது பதில். எட்டு நாள் மாத்திரை, அட்டை பிரிக்காமல்.

"கரையில உக்காந்துக்கிட்டு யாருக்காக முழுங்கணும்?" என்று கேட்டான்.

அதே சாயங்காலம் பழைய படகோட்டி வாசலில் வந்து நின்று, "வலை இழுக்கற வின்ச்சுக்கு ஆள் இல்லடா, பன்னெண்டு நாள், வர்றியா?" என்றதும், அன்றைய மாத்திரையைத் தானே தேடி எடுத்து விழுங்கினான். அன்றிலிருந்து ஒரு வேளை தவறவில்லை.

கரையில் வைத்தால் மாத்திரையை விடுவான். கடலுக்கு விட்டால் வெயில் விடாது. இரண்டுக்கும் நடுவில் அக்காவால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வெயில் நுழைய ஓர் ஊசி முனை இடம்கூட விடாமல் அவனைப் போர்த்தி அனுப்புவது.

அதற்கு ஒன்பது மணி நேரம் இருந்தது.

*

தம்பிக்குக் கழுத்து நீளம். அதனால் சின்ன வயதிலேயே 'கொக்கு'. கொக்கைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அக்கா வைத்த பெயர் 'சிட்டு'. மீன் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கும் சிட்டுவுக்கு வாய் ஓயாது. இன்றைக்கு அக்கா போய் நின்றபோது அவள் வாயைத் திறக்காமல் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பைக்குள் ஆறு சட்டை. எல்லாம் வெள்ளை. எல்லாம் மெல்லிசு.

"இதென்னடி?"

"அவர் எப்பவும் கொண்டு போற சட்டை அண்ணி. வெள்ளைதானே வெயிலுக்கு நல்லது?"

குளியலறையிலிருந்து தலையைத் துவட்டியபடி வந்தான் கொக்கு. மூன்று வருடத்தில் முடி காதைத் தாண்டி வளர்ந்திருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்கா பார்க்கிற வெளிச்சம்.

"வந்துட்டியா? சிட்டு ஓலை அனுப்பிட்டாளா? அக்கா, நான் பச்சைக் குழந்தையில்ல. இருபது வருஷம் இந்தச் சட்டையிலதான் ஓட்டினேன். வெயில் ஏறினா ஒரு வாளி கடல் தண்ணியில முக்கி, அப்படியே போட்டுக்குவேன். ஏசி மாதிரி இருக்கும்."

"முக்கியா?"

"படகுல எல்லாரும் அப்படித்தான் போடுவோம்."

அக்கா ஒரு சட்டையை எடுத்தாள். குடத்துத் தண்ணீரில் அழுத்தினாள். பிழிந்து, தன் கையின் மேல் விரித்து, ஜன்னலுக்கு நேராக நீட்டினாள்.

கை முழுசாகத் தெரிந்தது. மணிக்கட்டில் ஓடும் பச்சை நரம்பு தெரிந்தது. தையல் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகூடத் தெரிந்தது.

"என் நரம்பு தெரியுது பாரு. காய்ஞ்சிருக்கறப்போ கொஞ்சமாவது மறைக்கும். நனைஞ்சா கண்ணாடி." அவள் குரல் இறங்கிவிட்டது. "இருபது வருஷமா நீ சட்டையே போடாமதான்டா கடலுக்குப் போயிருக்க."

கொக்கு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. நனைந்த துணியையும் அதற்குள்ளிருந்த அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வா, கழுத்து அளவு எடுக்கணும்."

அவன் சட்டென்று இரண்டடி பின்னால் போனான். "பழைய சட்டைக் காலர் இருக்கில்ல, அதைப் பார்த்துக்க. எனக்கு ஐஸ் ஏத்தற வேலை இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான். சிட்டு அவன் போன வாசலைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "தொப்பி காதுக்குப் பின்னாடியெல்லாம் மறைக்கிற மாதிரி இருக்கணும் அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

*

துறைமுகச் சாலையில் தூண்டில், வலை, கயிறு, ரப்பர் காலணி என்று எல்லாம் விற்கிற கடை. ஷட்டரைப் பாதி தூக்கும்போதே அக்காவும் சிட்டுவும் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

"வாங்க வாங்க. வெயிலுக்கு உடுப்பா? பொழுதுபோக்குக்கா, தொழிலுக்கா?" என்றார் கடைக்காரர்.

"உயிருக்கு," என்றாள் அக்கா.

அவர் முதலில் எடுத்து வைத்தது ஒரு தொப்பி. முன்னால் வளைந்த நுனி, பின்னால் முழுக்க வலை. "இப்ப இதுதான் ஓடுது மேடம். நல்ல காத்தோட்டம்."

"காத்து போற வழியா வெயில் போகாதா? வெயிலுக்குத் தனி வாசல் வெச்சிருக்கீங்களா?"

அடுத்தது ஒரு சட்டை. மார்பில் வாயைப் பிளந்த மீன் படம், அக்குளில் வலைத்துணி. அக்கா அதைத் தொடவே இல்லை. சுற்றிலும் நான்கு விரல் அகலம் விளிம்பு வைத்த ஒரு தொப்பியைத் தானே இறக்கினாள். புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் வெள்ளை.

"இதுல அடியில கறுப்பு இருக்கா?"

"அடியில என்ன கலரா இருந்தா என்னங்க? யாரு படுத்துக்கிட்டா பார்க்கப்போறா?"

"தண்ணி பார்க்கும். கடல்ல வெயில் மேலேருந்து மட்டுமா வருது? தண்ணியில பட்டு எகிறி மோவாய்க்கு அடியில வரும். அடியில வெள்ளையா இருந்தா அது முகத்துல திருப்பி அடிக்கும். பந்தலுக்கு அடியில வெள்ளை வெச்சுத் தைச்சா, கண்ணு கூசுதுன்னு கடைக்காரங்க எங்ககிட்டயே திருப்பிக் கொண்டுவருவாங்க."

கடைக்காரர் ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து இன்னொன்றை இறக்கினார். கறுப்பு அடி. தூசி தட்டிக் கொடுத்தார்.

சட்டைக்கு நேரம் பிடித்தது. அக்கா ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். இழை விலகிக் கொடுத்ததை எல்லாம் ஓரம் தள்ளினாள். கடைசியில் கருநீலத்தில் ஒன்று நின்றது. முழுக்கை, தூக்கிவிடுகிற காலர். கல்லாவின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் தோளில் ஊற்றினாள்.

"ஐயோ மேடம்! விக்கிற சரக்கு!"

"நனைஞ்சா என்ன ஆகும்னு கடலுக்குப் போயா பார்க்கறது?"

ஈரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கை தெரியவில்லை. விரல் நிழல்கூடத் தெரியவில்லை. சீட்டில் ஐம்பது என்று போட்டிருந்தது.

"ஐம்பது பங்கு வெயில் விழுந்தா ஒரு பங்குதான் உள்ள போகும்னு அர்த்தம்," என்றார் கடைக்காரர், இப்போது கொஞ்சம் மரியாதையாக. "நீங்க இந்த வியாபாரமா?"

"அந்த ஒரு பங்கை என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்."

சிட்டு மீடியம் அளவை எடுத்தாள். அக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு லார்ஜ் எடுத்தாள். "உடம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற துணி சல்லடைடி. இழுபட இழுபடக் கண்ணு திறக்கும். தொளதொளன்னு இருக்கட்டும்."

புறங்கை மூடி விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற கையுறை. பக்கவாட்டிலும் மறைக்கிற, தண்ணீர்ப் பளபளப்பு கண்ணில் குத்தாத கண்ணாடி. உதட்டில் தேய்க்க ஒரு களிம்புக் குச்சி.

"உதட்டுச் சாயம்னு நினைச்சுக் கடல்ல எறிஞ்சிடுவார் அண்ணி," என்றாள் சிட்டு.

"எறியட்டும். நாலு வாங்கு."

அன்றைக்கு முதல் தடவையாக சிட்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"பன்னெண்டு நாள்டி. போயிட்டு வந்துடுவான்."

சிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடைக்காரர் பையை நீட்டினார். அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

*

கழுத்துக்கு மட்டும் கடையில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் சாதாரணக் கழுத்துக்கு. அக்கா பட்டறைக்கு ஓடி, மீந்த கருநீலத் துணியில் தானே வெட்டினாள். தொப்பியின் விளிம்பிலிருந்து இறங்கி, காதை மூடி, பின் கழுத்தைச் சுற்றி, மோவாய் வரை வந்து பூட்டிக்கொள்கிற துணி. ஒரு மணிக்குப் படகடியில் நின்றார்கள்.

படகின் வயிற்றுக்குள் சரிவுப் பலகை வழியாக ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தது. கொக்கு எல்லாவற்றையும் அணிந்துகொண்டு தளத்துக்கு வந்தான். மூக்கு நுனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"கடலுக்குப் போறியா, வங்கியில கொள்ளையடிக்கப் போறியா?" என்று ஒருவன் கத்த, தளமே சிரித்தது.

படகோட்டி சிரிக்கவில்லை. நேராக வந்து அந்தக் கழுத்துத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

"என் வேலைதான் அண்ணே," என்றாள் அக்கா.

"நல்லா தைச்சிருக்கம்மா. ரொம்ப நல்லா தைச்சிருக்க. அதான் தப்பு." தளத்தின் நடுவே நின்ற வின்ச்சைக் காட்டினார். வலைக் கயிற்றைச் சுருட்டி இழுக்கிற இரும்பு உருளை, ஆள் இடுப்பு அகலம். "போன வருஷம் வேற படகுல ஒருத்தன் கழுத்துல துண்டு. நுனி கயிறோட போயிடுச்சு. நிறுத்தறதுக்குள்ள ரெண்டு சுத்து சுத்திடுச்சு. பொணத்தைக் கொண்டுவந்து அவங்க வீட்ல கொடுத்தவன் நான். என் படகுல வின்ச் கிட்ட நிக்கிறவன் கழுத்துல துண்டு, கயிறு, சங்கிலி எதுவும் கூடாது. சட்டையும் இவ்வளவு தொளதொளப்பு ஆகாது. கழட்டு. இல்லன்னா இறங்கு."

"வெயில்பட்டா இவனுக்கு..."

"தெரியும்மா. அதுக்காக என் கண்ணு முன்னாடி அவன் கழுத்து முறியறதைப் பார்க்கச் சொல்றியா? இன்னொண்ணும் சொல்லிடறேன். நடுக்கடல்ல ஏதாவதுன்னா திரும்பி வர ஒன்றரை நாள். உடம்புல ஒரு காயம், ஒரு கட்டி, ஒரு காய்ச்சல் இருந்தாலும் நான் ஏத்த மாட்டேன். வெயில்படாம மூடிக்கிட்டு வேலைக்குப் போகலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்னுதான் இவனைக் கூப்பிட்டேன்."

கொக்கு தொப்பியைக் கழற்றினான். முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் போன வாரம் பார்த்த அதே முகம்.

அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"எப்ப கயிறு அவுப்பீங்க?"

"மூணு அடிச்சதும்."

"மூணு வரைக்கும் டைம் கொடுங்க. பிடிச்சு இழுத்தா கையோட வந்துடற மாதிரி தைச்சுத் தர்றேன். உங்க வின்ச்லயே போட்டுப் பாருங்க. வரலைன்னா நானே இவனை இறக்கிக் கூட்டிட்டுப் போறேன்."

படகோட்டி தம்பியைப் பார்த்தார். "உங்கக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வலைக் குவியலின் நிழலில் உட்கார்ந்தாள். சட்டைக்கு முதலில் வழி செய்தாள். இடுப்பிலும் மணிக்கட்டிலும் மட்டும் பிடித்துத் தைத்தாள், உடம்பில் தொளதொளப்பு அப்படியே இருக்க. பிறகு கழுத்துத் துணியை நான்கு துண்டாக வெட்டினாள். ஒவ்வொரு சேர்க்கையிலும் நீளமாக வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தாள். தார்ப்பாய் ஊசி. விரலில் இரண்டு முறை ஏறியது. சிட்டு நூலைக் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்று ஐம்பது. வலையில் கட்டுகிற மிதவை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மனிதத் தலை அளவு. அதற்குத் தொப்பியை வைத்து, துணியைச் சுற்றிப் பூட்டினாள் அக்கா. கொக்கு மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். படகோட்டி துணியின் ஓரத்தை வின்ச் கயிற்றில் செருகிவிட்டு வின்ச்சைப் போட்டார்.

துணி விடவில்லை.

மிதவை கொக்கின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. உருளையில் மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். படகோட்டி நிறுத்துவதற்குள் பாதி மிதவை கயிற்றுக்கடியில் நசுங்கிக் கிடந்தது, தொப்பியோடு.

சிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்மா," என்றார் படகோட்டி, மெதுவாக.

"போதாது. மணி இன்னும் ரெண்டாகல."

நசுங்கிய துணியை இழுத்து எடுத்துப் புரட்டினாள். எங்கே தப்பு? இருபது வருடம் தார்ப்பாய் தைத்த கைதான் தப்பு. காற்று பிய்க்கக் கூடாதென்றே பழகிய கை. வெல்க்ரோவை நீளவாட்டில் வைத்துவிட்டது. நீளவாட்டில் இழுத்தால் அது உயிர் போனாலும் விடாது. உரித்தால்தான் விடும். காயத்துப் பிளாஸ்திரியை ஓரத்தில் பிடித்து உரிக்கிற மாதிரி.

எல்லாவற்றையும் பிரித்தாள். வெல்க்ரோவை நகக்கண் அளவுக்குப் பொட்டுப் பொட்டாக நறுக்கினாள். எந்தப் பக்கம் இழுபட்டாலும் ஓரத்திலிருந்து உரிகிற மாதிரி மடித்து வைத்துத் தைத்தாள். கெட்டியாகத் தைக்கத் தெரிந்தவளுக்கு, விட்டுக்கொடுக்கத் தைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நசுங்கிய தொப்பியைச் சிட்டு முழங்காலில் வைத்து நிமிர்த்தினாள்.

இரண்டு முப்பத்தைந்து. இன்னொரு மிதவை. வின்ச் சுற்றியது.

டப் டப் டப் என்று பொட்டுகள் உரிந்தன. துணி மட்டும் உருளைக்குள் போனது. மிதவை கொக்கின் கையிலேயே நின்றது.

"இன்னொரு தடவை," என்றார் படகோட்டி. பக்கவாட்டில் செருகினார். துணி போனது, மிதவை நின்றது. கீழிருந்து செருகினார். நின்றது.

"ஏறுடா கொக்கு," என்றார்.

அவன் சிறு பையன் மாதிரி கத்தினான்.

*

"நீங்களே மாட்டி விடுங்க அண்ணி. தைச்சவங்களுக்குத்தான் பூட்டத் தெரியும்," என்றாள் சிட்டு. சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

இப்போது கொக்கால் தப்பிக்க முடியவில்லை. படகோட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவன் முடியை ஒதுக்கினாள். முதல் பொட்டு வலது காதுக்குப் பின்னால் உட்கார வேண்டும். விரலால் இடம் பார்த்தாள்.

விரலில் ஏதோ சொரசொரத்தது.

காது மடலைத் தள்ளிப் பார்த்தாள். சிவந்து, நடுவில் பொருக்குக் கட்டி, ஓரம் தடித்த ஒன்று. அரிசி அளவில்லை. ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

"தெரியும்க்கா," என்றான் அவன், உதடு அசையாமல். "ரெண்டு மாசமா."

"பாவி."

"சத்தம் போடாத. அவர் காதுல விழுந்தா இறக்கி விட்டுடுவார்."

"இறக்கி விடட்டும்! இதுக்கா இவ்வளவும் தைச்சேன்? திருடன் உள்ள வந்து உக்காந்த பிறகு கதவுக்குப் பூட்டா?"

"அக்கா, கேளு. டாக்டர்கிட்ட போனா அன்னிக்கே வெட்டுவாங்க. அப்புறம் வாழ்நாளுக்கும் கரைதான். ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். பன்னெண்டு நாள்கூட வேண்டாம். ஆறாம் நாள் ஐஸ் கொண்டுவர்ற படகு வரும். அதுலயே ஏறித் திரும்பிடறேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன். நீ சொல்ற இடத்துல கழுத்தை நீட்டறேன்."

"பொய்."

"உன் உடம்புல பாதியை உள்ள வெச்சுக்கிட்டு உன்கிட்ட பொய் சொல்லுவேனா?" அவன் கண் நிறைந்திருந்தது. "இப்ப இறக்கினா நான் வீட்டுக்குத்தான் போவேன். ஆஸ்பத்திரிக்கு இல்ல. மாத்திரை டப்பா கிட்டயும் இல்ல. உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு நாள். இரண்டு மாதமாக இருந்தது ஆறு நாளில் என்ன ஆகிவிடும்? என்ன வேண்டுமானாலும் ஆகும். இறக்கினால்? அதைவிடச் சீக்கிரம் ஆகும். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் அவன் கழுத்தில்தான் வந்து முடிந்தது.

"என்னம்மா, முடிஞ்சுதா?" படகோட்டி கயிற்றருகே போய்விட்டார். "ஆள் சரியா இருக்கானா? வேற ஒண்ணும் இல்லையே?"

ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்.

அக்கா நிமிர்ந்தாள். நாலடி தள்ளி சிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அக்கா பொட்டை அந்தப் புண்ணுக்கு மேலே ஒரு விரல் தள்ளி வைத்து, அழுத்தினாள்.

"ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் சரியா இருக்கு."

*

மூன்று அடித்ததும், அக்காவும் சிட்டுவும் கரையில் நிற்க, கயிறு அவிழ்ந்தது. கருநீலச் சட்டை வின்ச்சுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டியது. கையுறை போட்ட கை. முகம் தெரியவில்லை. அவள் தைத்ததுதான் அதையும் மறைத்தது.

படகு துறைமுகக் கல் சுவரைத் தாண்டித் திரும்பியது. சிட்டு கேட்டாள்.

"காதுக்குப் பின்னாடி பார்த்தீங்கதானே அண்ணி?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிட்டுவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உனக்கு... தெரியுமா?"

"ஒரு மாசமா தெரியும். யார்கிட்டயாவது சொன்னா அன்னிக்கே மாத்திரையை நிறுத்திடுவேன்னார். நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களா கண்டுபிடிச்சா நான் சொன்னதா ஆகாதில்ல? அதுக்குத்தான் காலையில ஃபோன் பண்ணேன். துணியும் தொப்பியும் எனக்கு வாங்கத் தெரியாதா அண்ணி? உங்க கை அவர் கழுத்துல படணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். நீங்க பார்த்தா விட மாட்டீங்க, ஊரைக் கூட்டி இறக்கிடுவீங்கன்னு நினைச்சேன்." அவள் அழவில்லை. அழுகையெல்லாம் கடையிலேயே தீர்ந்துவிட்டது போலிருந்தது. "எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்களே."

"ஆறு நாள்தான்டி," என்றாள் அக்கா, அவசரமாக. தனக்கே சொல்லிக்கொள்வது போல. "ஆறாம் நாள் ஐஸ் படகுல திரும்பிடுவான். நேரா ஆஸ்பத்திரிக்கு..."

"எந்த ஐஸ் படகு?"

"நடுவுல ஐஸ் கொண்டு போகுமே, அந்தப் படகு."

சிட்டு அவளை உற்றுப் பார்த்தாள்.

"அதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணி. இப்பல்லாம் கிளம்பறப்பவே மொத்தத்தையும் கொட்டி அனுப்பிடறாங்க. பன்னெண்டு நாளைக்கு நடுவுல அங்க எதுவும் போகாது. எதுவும் வராது."

"அவனுக்குத் தெரியுமா?"

"மூணு வருஷமா வீட்ல இருந்தவர். தெரியாம இருக்கலாம். தெரிஞ்சும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியல அண்ணி. சத்தியமா தெரியல."

துறைமுக அலுவலகத்தின் மாடியில் வயர்லெஸ் இருந்தது. வெளிப்பக்கமாக ஏறுகிற இரும்புப் படிக்கட்டு. படகைக் கூப்பிட்டுப் பேசினால் படகோட்டி அந்த நிமிடமே திருப்பிவிடுவார். கல் சுவருக்கு அப்பால் படகு இன்னும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

அக்கா ஓட ஆரம்பித்தாள். தழும்பு சுருக்கென்று இழுத்தது. முதல் படியில் காலை வைக்கும்போது சிட்டு பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"கூப்பிட்டா மாத்திரையை நிறுத்திடுவார் அண்ணி."

"கூப்பிடலைன்னா?"

சிட்டு கடலில் தெரிந்த படகைத் திரும்பிப் பார்த்தாள். பிடித்த கையை விட்டாள்.